துண்டாகாத காடு

மகன் பிறந்த அன்று டைரியில் எழுதியது இவ்வளவுதான்: "ஆண். இரண்டு கிலோ எழுநூறு. கருத்தடை ஆபரேஷனும் சேர்த்தே முடிந்தது. இனிக் கவலை இல்லை."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தாராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியநாயக்கன்பாளையத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். நான் மில் அலுவலகத்தில் ஷிப்டு வருகைப் பதிவேடு எழுதினேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஊர். இன்னொன்று வேண்டாம் என்பதற்கு அதுவே போதும். ஆனால் உண்மையான காரணம் ஊரில் இருந்த நாலேகால் ஏக்கர் மானாவாரி நிலம். அவரும் ஒரே பிள்ளை, அவருடைய அப்பாவும் ஒரே பிள்ளை.

"ரெண்டு பெத்தா காடு ரெண்டு துண்டாயிருமுங்க," என்று என் மாமியார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடமே சொன்னார்.

"இவங்களுக்குச் சின்ன வயசு. ரெண்டு வருசம் பொறுத்துப் பாக்கலாமே."

"பொறுத்தா மனசு மாறிப்போயிருமுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை இங்கே சரியாக எழுத வேண்டும்.

பதினோரு வயதில் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை தெர்மாமீட்டர் வைத்து எழுதினேன். நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எண்கள் இல்லை.

ஆறு மாதம் கழித்து மாமியாரே வந்து பேச்சை எடுத்தார். "அறுத்ததை ஒட்டி விடறாங்களாம் அம்மணி. போய்க் கேட்டுப் பாக்கலாமா?"

கோவை ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு நாள் வைத்திருந்தார்கள். பெஞ்சில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் அவிநாசிக்கார அம்மா, என்னைவிட மூத்தவர்.

"ஏனுங்க, உங்களுக்கு எத்தனை கொழந்தைங்க?"

"ஒண்ணு இருந்துச்சுங்க."

"எனக்கும் ஒண்ணுதானுங்க. பைக்கு ஆக்சிடெண்டு." பிறகு, "நாப்பத்திமூணு வயசுல வளைகாப்புப் போட்டா ஊர் சிரிக்காதான்னு எங்க ஊட்டுக்காரர் கேக்கறாரு. சிரிச்சுட்டுப் போவுது, வளையல் கையில ஏறுமான்னுதான் எனக்குக் கவலைன்னேன்," என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அவர் சேலை மடிப்பில் ஒரு பள்ளிக்கூடப் புகைப்படத்தின் ஓரம் தெரிந்தது. எடுத்துக் காட்டவில்லை, தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்குக் கருக்குழாயை இணைத்தபோது வயது முப்பத்தெட்டு. மாதவிலக்குத் தேதிகளுக்குத் தனி நோட்டுப் போட்டேன். டாக்டர் சொன்ன நாட்களில் பாதி என் கணவருக்கு நைட் ஷிப்டாக விழுந்தது. பட்டறையில் மாற்றிக் கேட்டார். எதற்கென்று சொல்ல முடியாமல், முதுகு வலி என்றார். ஒவ்வொரு மாதமும் மாமியார் போனில் கேட்பார்: "ஏதாச்சும் விசேசமா கண்ணு?"

"இல்லீங்கத்தை."

இருபத்துநான்கு மாதம், இருபத்துநான்கு தேதி. ஒரே ஒரு முறை ஒன்பது நாள் தள்ளிப்போனது. அந்த ஒன்பது நாளும் நான் மாடிப்படி ஏறவில்லை. பத்தாம் நாள் வந்துவிட்டது.

போன வாரம் டாக்டர் இனி வேண்டாம் என்றார். வயதையும் கருமுட்டைகளின் நிலையையும் காட்டிப் பொறுமையாகத்தான் விளக்கினார். வீட்டுக்கு வந்து நோட்டில் கடைசித் தேதிக்குக் கீழே கோடு போட்டேன். இன்று காலை மாமியார் போன் செய்தார். விசேஷம் கேட்கவில்லை, என் கணவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

"கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனிக்காரங்க வந்து காட்டை வெலைக்குக் கேட்டாங்க அம்மணி. சுத்துப்பட்டுல நம்முளுதுதான் ஒரே துண்டா இருக்குதாம். என்ன சொல்லட்டும்?"

"குடுத்துருங்கத்தை," என்றேன்.