அண்ணியின் அளவு ஜாக்கெட்

போன வாரம் உறுவையாற்றில் என் பெரிய அண்ணியின் பீரோவைத் திறந்தேன். திறக்கச் சொன்னது அவர்தான். "அளவு ஜாக்கெட் மேல் தட்டுல இருக்குது வசந்தா, எடுத்துக்கோ" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். கையை விட்டு, முதலில் பட்டதை இழுத்தேன். வந்தது அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட். நான் தைத்தது. போன வருடம் அவர் மகள் கயல் கல்யாணத்துக்காக.

அதன் இடது கையில் ஒரு வெட்டு. விளிம்பிலிருந்து அக்குள்வரை கத்தரியால் நேராக வெட்டி, நான்கு ஊக்கு குத்தியிருந்தது. உள்ளே இடது பக்கத்தில் பழைய புடவைத் துணியை மடித்து வைத்து, அவசரமாக நாலு தையல்.

நான் கொடுத்தபோது அது இப்படி இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

என் தையல் புராணம் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குப் பழசு. ஐம்பது வயதுக்கு மேல், வில்லியனூரில் வீட்டோடு உட்கார்ந்து, பேட்டர்ன் போடும் சாஃப்ட்வேர் ஒன்றைக் கற்றுக்கொண்டு, கண்ணில் பட்டவர்களையெல்லாம் 'ஒரு ஜாக்கெட் தைத்துத் தரட்டுமா' என்று துரத்தினேனே, ஞாபகமிருக்கிறதா? மார்புச் சுற்று, இடுப்பு, ஷோல்டர், கை... நம்பரைத் தட்டினால் லேப்டாப்பில் படம் வந்துவிடும். ஏ ஃபோர் தாளில் பிரிண்ட் எடுத்து, ஓரம் வெட்டி, செல்லோ டேப் போட்டு ஒட்டினால் பேட்டர்ன் ரெடி. தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தேன்.

அந்த சாஃப்ட்வேர் பாதி உடம்பைத்தான் வரையும். முன்பக்கம் பாதி, முதுகு பாதி, ஒரே ஒரு கை. துணியை இரண்டாக மடித்து வெட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும் அல்லவா? வலதும் இடதும் ஒன்றுதானே? எல்லா டெய்லர்களும் இப்படித்தான் வெட்டுகிறார்கள். சாஃப்ட்வேரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை.

நமக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. உடம்பில் டேப்பை வைத்து அளவெடுக்கக் கூச்சம். அதனால் நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிடுவோம். அதுதான் அளவு ஜாக்கெட். யாரும் யாரையும் தொட வேண்டாம், யாரும் எதையும் கேட்க வேண்டாம். எவ்வளவு சௌகரியம்!

அண்ணிக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் ஆபரேஷன் நடந்தது. மார்பகப் புற்றுநோய். இடது பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். இங்கே எழுதுவதற்கு எனக்கு மூன்று வரி போதுமாக இருந்தது. எங்கள் வீட்டில் இன்றுவரை அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. 'அந்த ஆபரேஷன்' என்போம். 'உடம்பு முடியாம இருந்தப்போ' என்போம். ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய், மழையைப் பற்றியும் கரும்பைப் பற்றியும் அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தவள்தான் நானும்.

கயல் கல்யாணம் முடிவானதும் அண்ணி அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பினார். ஆபரேஷனுக்கு ரொம்ப முன்னால் தைத்தது. மேசையில் விரித்து டேப் வைத்தேன். வலதும் இடதும் ஒரு நூல் பிசகில்லாமல் ஒன்றாக இருந்தன.

எனக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் அந்த ஜாக்கெட் கைக்கு வந்ததும் மனசுக்குள் 'அப்பாடா' என்றிருந்தது. அவர் சொல்ல முடியாமல் கொடுத்தார், நான் கேட்க முடியாமல் வாங்கிக்கொண்டேன். அப்படியே தைத்தும் கொடுத்தேன். "நல்லாருக்குது வசந்தா" என்றார். நானும் வந்தவர் போனவரிடமெல்லாம் என் ஃபினிஷிங் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

முகூர்த்தத்தன்று தாரை வார்க்கும் நேரம் வந்தது. பெண்ணைப் பெற்றவர்களை மேடைக்கு வரச் சொல்லி ஐயர் கூப்பிட்டார். அண்ணன் பக்கத்தில் நின்று சொம்புத் தண்ணீரை ஊற்ற வேண்டியது அண்ணி. அவரைக் காணோம். தேடிப் போனால், மணமகள் அறையில் இரண்டு தோளும் மூட முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தலை சுத்துது. என்னால முடியாது. அவ சித்தப்பாவும் சித்தியும் செய்யட்டும்."

எவ்வளவு கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் என் சின்ன அண்ணனும் அவர் மனைவியும்தான் தாரை வார்த்தார்கள். கயல் அந்த அறைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபித்துக்கொண்டேன். பந்தியில் உட்கார்ந்து, "பெத்த பொண்ணுக்காக அஞ்சு நிமிஷம் நிக்கக்கூடாதா? இன்னா பொம்பளயோ!" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னேன். இந்த வாய் இருக்கிறதே...

இப்போது கயலுக்கு ஏழாம் மாதம். போன வாரம் எனக்குப் போன் போட்டு அழுதாள். "அத்தை, அம்மா வளைகாப்புக்கும் முன்னாடி வரமாட்டாங்களாம். சமையல பாத்துக்கினு உள்ளயே இருக்காங்களாம், சித்தி நலங்கு வைக்கட்டுமாம். எங்கம்மாக்கு எம்மேல இன்னா கோவம் அத்தை?"

அதற்காகத்தான் உறுவையாறு போனேன். அண்ணிக்குப் புதுசாக ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, அப்படியே நாலு வார்த்தை எடுத்துச் சொல்லலாம் என்று திட்டம். போனதும் என்ன கேட்டேன்? அளவு ஜாக்கெட்! திருந்துகிற ஜென்மமா இது?

அடுப்படியிலிருந்து வந்த அண்ணி, என் கையில் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அத இன்னாத்துக்கு எடுத்த?"

"கை நுழையலயா அண்ணி?"

"எப்டி நுழையும்? ஆபரேஷன்ல இருந்து அந்தக் கை வீங்கித்தானே இருக்குது. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் போட்டேன். பாதிக்கு மேல ஏறல. கத்தரிய எடுத்து வெட்டிட்டேன்."

"நல்லாருக்குதுன்னு சொன்னீங்களே..."

"போட்டுப் பாக்காமதான் சொன்னேன். போட பயமா இருந்துது."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "உள்ள துணி வச்சிக்கினேன். குனிஞ்சா நழுவுது. சொம்பத் தூக்கணும்னா முந்தானைய வுடணும். மண்டபம் பூரா ஜனம், கேமரா வேற. கிழிஞ்ச கையோட, ஒரு பக்கம் தொங்கிக்கினு... எப்டிம்மா நிப்பேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன். கடைசியில் அவர்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்து, "சரி வுடு, சரி வுடு" என்று தேற்ற வேண்டியதாயிற்று. வெட்கக்கேடு.

அழுது முடித்து, பையிலிருந்து டேப்பை எடுத்தேன். "அண்ணி, இந்தத் தடவை உங்களைத்தான் அளக்கணும்."

அண்ணன் கரும்புக் கொல்லைக்குப் போயிருந்தார். அண்ணி எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். "பாத்துட்டு பயப்படாத. டாக்டரும் நர்சும் பாத்ததோட சரி. உங்க அண்ணனுக்குக்கூட நான் காட்னதில்ல."

பயப்படவில்லை. தழும்பு நீளமாக, அக்குள்வரை போயிருந்தது. மூன்று வருடமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். நெஞ்சின் நடுவிலிருந்து வலப்பக்கத்தைத் தனியாக, இடப்பக்கத்தைத் தனியாக அளந்தேன். வலது கைச் சுற்று பதினொன்று. இடது பதிமூன்றரை.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், இரண்டு பக்கத்துக்கு இரண்டு அளவு போட சாஃப்ட்வேரில் இடமே இல்லை. முட்டி மோதிப் பார்த்துவிட்டு ஒரு தந்திரம் செய்தேன். வலப்பக்க அளவை இரட்டிப்பாக்கி ஒரு ஃபைல், இடப்பக்க அளவை இரட்டிப்பாக்கி இன்னொரு ஃபைல். 'அண்ணி வலது', 'அண்ணி இடது' என்று பெயர் கொடுத்தேன். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவர்கள் இரண்டு பெண்கள். ஒவ்வொருத்தியிடமிருந்தும் பாதியை எடுத்துக்கொண்டேன்.

இடது பக்கத்தில், மார்பு வளைவுக்காகப் பிடிக்கிற டார்ட் மடிப்பையே எடுத்துவிட்டேன். கையை அகலமாக்கினேன். பழைய வேட்டியில் வெட்டித் தைத்துப் பார்த்தால், கொக்கி மாட்டுகிற இடத்தில் ஒரு பக்கம் முக்கால் அங்குலம் நீளம். பிரித்தேன், தைத்தேன், மறுபடி பிரித்தேன். மடித்து வெட்ட முடியாததால் முதுகின் நடுவில் ஒரு தையல் ஓடும். அண்ணியிடம் போனில் சொன்னபோது, "ஓடட்டும்" என்றார்.

"பஞ்சு வச்சுத் தைக்கட்டுமா? பாக்க ரெண்டும் ஒண்ணா இருக்கும்."

"உள்ள ஒரு பை மட்டும் வச்சி வுடு. வேணும்னா வச்சிக்கறேன், வேணான்னா எடுத்துடறேன். அது என் இஷ்டமா இருக்கட்டும்."

புதன்கிழமை மதியம் கொண்டுபோனேன். நான் வெளியே போகிறேன் என்றதற்கு, "இருடி, இன்னமே உனக்கு இன்னா மறைக்கறது" என்றார். கை சிக்காமல் நுழைந்தது. கொக்கி எல்லாம் மாட்டினார். பையில் எதுவும் வைக்கவில்லை. முந்தானையை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

"கயலுக்குப் போன் போடு. வெள்ளிக்கிழமை நான்தான் நலங்கு வைப்பேன், அவ சித்தி ஒண்ணும் வைக்க வேணாம்னு சொல்லு."

போனை எடுத்தேன். அதற்குள் அவர் இடது கையைத் தூக்கினார். இன்னும் கொஞ்சம் தூக்கினார். வலது கையையும் அதோடு சேர்த்து, எதையோ பிடித்திருப்பது போல வைத்து, மெதுவாகச் சாய்த்தார். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, தாரை வார்க்கிற சொம்பு.

"இப்ப ஊத்த வருது, பாரு" என்றார்.

கயல் அவருக்கு ஒரே பெண்.