வயர்மேன் வீட்டு வெள்ளிக்கிழமை விளக்கு

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் வயர்மேன் சண்முகவேலைத் தெரியாதவர்கள் கிடையாது. நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். சின்ன வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. தன் குரலே தனக்குக் கேட்காத மனுஷர் வேறு எப்படிப் பேசுவார்? எதிரே நிற்பவர்களின் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். பொழுது சாய்ந்துவிட்டால் அதற்கும் வழியில்லை. இருட்டில் யார் வாய் தெரியும்?

அதனால்தானோ என்னவோ, எடிசன் என்றால் அவருக்கு உயிர். யார் வீட்டில் வயர் இழுத்தாலும், வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கதை இலவசம்.

"அவுருக்கும் காது மந்தம்பா, என்னை மாதிரியே. சின்ன வயசுல ரயில்ல பேப்பர் வித்தாரு. அப்பால பல்பு செய்யணும்னு ஒக்காந்தாரு. கண்ணாடிக்குள்ள கீற காத்தை உறிஞ்சிட்டு, ஒரு இழையை வெச்சு கரண்டு உட்டா வெளிச்சம் வருது. ஆனா இழை பட்டுனு பூடுது. மனுசன் உட்டாரா? எதை எதையோ வெச்சுப் பாத்தாரு. கடைசியில சாதாரண தையல் நூலு, அதைக் கரியாக்கி வெச்சாரு பாரு, நின்னு எரிஞ்சுது! அதுவும் பத்தலைனு ஊர் ஊரா ஆள் அனுப்பி மூங்கிலு தேடினாரு!"

பக்கத்தில் நின்று நூல் எடுத்துக் கொடுத்ததே தான்தான் என்பது போலச் சொல்வார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் மட்டும் சிம்னி விளக்கு. உலக யுத்தம் முடிந்தும் பல்பு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த சமயம். வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வைத்து, திருவிழா வேலையில் மிஞ்சிய பழைய பல்பு ஒன்றை ஒருவழியாக மாட்டினார். மனைவி தேவானை ஸ்விட்சுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். அந்தி நேரத்தில் விளக்குப் போடுவது அவள். போட்டதும் கைகூப்பிக் கும்பிடுவாள். நிறுத்துவது மட்டும் அவர் வேலை. ஏற்றிய கையாலேயே அணைப்பதா? அந்தச் சொல்லைச் சொல்லவே அவளுக்கு நாக்கு கூசும். "மலையேத்திடுய்யா" என்பாள்.

"இன்னாமே, கயித்துல தொங்குற பல்பு எந்த மலைக்குப் போவும்?" என்று சிரித்துக்கொண்டே அவர் நிறுத்துவார்.

அந்த வருஷம் தை மாதத்தில், தியாகராய நகர்க் கல்யாணம் ஒன்றுக்கு விளக்கு அலங்காரம் செய்ய வெள்ளிக்கிழமை காலையில் போனவர், வேலை மிகுதியால் இரவு வீடு திரும்பவில்லை. தேவானை அந்தியில் விளக்கைப் போட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கு, அவர் வந்து நிறுத்தட்டும் என்று அப்படியே விட்டுவிட்டாள். மறுநாள் வெயில் ஏறியும் அது எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாமா, பட்டப்பகல்ல லைட்டு எரிஞ்சிக்கினு கீது?" என்று பக்கத்து வீட்டு ஜமீலுன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"அவுரு வந்து நிறுத்துவாருக்கா."

சனிக்கிழமை சாயங்காலம் தேவானை கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, டப்பென்று சத்தம். வீடு இருண்டது. நிமிர்ந்து பார்த்தாள். பல்பின் கண்ணாடி உள்ளே கருத்திருந்தது.

நறுக்கிய காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அவர் வரும்வரை இருக்கட்டும் என்று வைத்த விளக்கு, அவர் வருமுன் தானாகப் போய்விட்டது. அவரோ கரண்டோடு மல்லுக்கு நிற்கிற மனுஷர்.

"அட அல்லாவே! பழைய பல்பு, ஃபியூஸ் போச்சு. ஒக்காந்து தண்ணி குடி" என்றாள் ஜமீலுன்னிசா. யார் காதில் விழுந்தது அது? தேவானை தெருமுனையைத் தாண்டிவிட்டாள். பஸ்ஸுக்கு நிற்கத் தோன்றவில்லை. லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். வாயில் தெய்வங்களின் பெயர் ஒன்று பாக்கியில்லை.

கல்யாண வீட்டுக்கு முன்னால் மாப்பிள்ளை அழைப்பு வந்துகொண்டிருந்தது. மேளம் காதைப் பிளந்தது. பந்தல் முகப்பில் வண்ண வண்ணமாகப் பல்புகள். அவற்றின் நடுவே, ஏணி உச்சியில், கம்பத்தைக் கட்டிப் பிடித்துத் தலை கவிழ்ந்து நின்றார் சண்முகவேல். அசைவே இல்லை.

"யோவ்!" என்று அலறினாள். யார் யாரோ திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. அவருக்குக் காது கேட்காது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"சண்முகவேலு!"

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொல்லாதவள். நாதஸ்வரக்காரர்கூட ஓரக்கண்ணால் பார்த்தார். ஏணியில் மட்டும் அசைவில்லை.

கரண்டு பிடித்த ஆளைத் தொடக் கூடாது, முதலில் மெயினை நிறுத்த வேண்டும். வயர்மேன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? தாழ்வாரத்துச் சுவரில் மெயின் ஸ்விட்ச் இருந்தது. ஒற்றைப் பல்பை நிறுத்தக் கூசிய கை, அந்தக் கல்யாண வீட்டின் அத்தனை விளக்குகளையும் ஒரே இழுப்பில் அணைத்தது.

கும்மிருட்டு. மேளம் நின்றது. "ஐயையோ, அபசகுனம்!" என்று யாரோ கூவினார்கள். அதையெல்லாம் அமுக்கிக்கொண்டு ஏணி உச்சியிலிருந்து ஒரு குரல் இடித்தது.

"எவன்டா மெயின்ல கை வெச்சவன்? மவனே, கை இருக்காது பாத்துக்க!"

போன உயிர் திரும்பி வந்தது தேவானைக்கு. அவ்வளவு இனிப்பான திட்டை அவள் கேட்டதே இல்லை. சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். ஏதோ ஒரு வயர் மூட்டில் கண்ணை வைத்து நின்றவர் இறங்கி, தடவித் தடவி வந்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விளக்கு, கருத்துப்போன பல்பு, ஓடி வந்த வழி எல்லாவற்றையும் ஒரு மூச்சில் கொட்டித் தீர்த்தாள். இருட்டில் அவருக்கு ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை.

மெயினைத் தேடிப் பிடித்துத் தள்ளினார். பந்தல் முழுக்க வெளிச்சம் வந்தது. குனிந்து பார்த்தார்.

"இன்னாமே, நீ எங்க இங்க? இன்னா ஆச்சு?"

எல்லாவற்றையும் மறுபடி சொல்ல அவளிடம் தெம்பில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். வாயில் வந்தது அவர் பெயர் ஒன்றுதான்.

ஊரே கேட்டுவிட்ட அந்தப் பெயரை, பெயருக்கு உரியவர் அப்போதுதான் அவள் உதட்டில் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பெண்ணின் தகப்பனார் தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, அது ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தபா சொல்லு."

"சீ, போய்யா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் தேவானை. அப்புறம் சொன்னாள்.