ரீச்சர் வீட்டு நான்கு கமராக்கள்

போர் திரும்பவும் மூண்டிருந்த காலம் அது. திருகோணமலை நகரத்தில் கணினி திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தேன். ரெலிபோன் கம்பி வழியாக வேகமான இணையம் வீடுகளுக்கு வரத் தொடங்கிய புதிது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்குப் போய் ரவுட்டர் பூட்டிக் கொடுப்பதுதான் எனக்கு அதிகம் கிடைத்த வேலை.

உட்துறைமுகப் பக்கம் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். லண்டனில் இருந்த மகள் தன்னோடு வந்திருக்கும்படி கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய், கடைசியில் வீட்டுக்குக் கமரா பூட்டச் சொன்னார். வேலை இடத்தில் இருந்தபடியே அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டால் நிம்மதி என்பது அவருடைய எண்ணம். வெள்ளை வான்களில் ஆட்களைக் கடத்திக்கொண்டு போகும் செய்திகள் லண்டன் வரை போய்க்கொண்டிருந்தன.

ஒழுங்கையைப் பார்க்க ஒன்று, கேற்றுக்கு ஒன்று, பின்வளவுக்கு ஒன்று, ஹோலுக்குள் ஒன்று. நான்கின் படங்களும் வந்து சேரும் பதிவுப் பெட்டியை ஹோல் அலுமாரிக்கு மேல் வைத்தேன். அதெல்லாம் அரை நாள் வேலை. லண்டனிலிருந்து பார்க்க வைப்பதுதான் கரைச்சல். வெளியார் யாரும் வீட்டுப் பெட்டியைத் தொடாதபடி ரவுட்டர் மறித்துக்கொண்டு நிற்கும். மகளுக்காக அதில் ஒரு வழியைத் திறந்துவிட வேண்டும். இன்ன இலக்கத்தில் வருகிறவரை நேரே பெட்டிக்கு அனுப்பு என்று ரவுட்டருக்கு எழுதிக் கொடுத்தேன். வீட்டின் இணைய முகவரி அடிக்கடி மாறும் என்பதால், மாறாத பெயர் ஒன்றையும் பதிந்து கொடுத்தேன்.

மகள் ரெலிபோனில் இருந்தார்.

"படம் வரேல்லைத் தம்பி. பாஸ்வேட் பிழையெண்டு காட்டுது."

நான் வைத்த கடவுச்சொல் நீளமானது. மூன்று தரம் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். லைன் விட்டுவிட்டுக் கேட்டது. பின்னேரம் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. கடைசியில், பெட்டி வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லையே திரும்ப வைத்தேன். ஒன்றிலிருந்து ஆறு வரை, வரிசையாக.

"இப்ப வந்திட்டுது. அம்மா கதிரையில இருக்கிறா. அம்மா, கையைக் காட்டுங்கோ."

ரீச்சர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ரவுட்டரைப் பார்த்துக் கையசைத்தார். இன்னொரு நாள் வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் ரீச்சர் கடைக்குப் போன் எடுத்தார். "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ தம்பி. போனில கதைக்கேலாது."

ஹோலில் அதே ஒழுங்கையைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். துறைமுகக் கிட்டங்கியில் வேலை செய்யும் அவருடைய மகன் முதல் நாள் வீடு திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் ஒழுங்கை வேலியில் சாத்தியிருந்ததாம். பெட்டியை ரீச்சரின் தொலைக்காட்சியில் பொருத்திப் பதிவைப் பின்னுக்கு ஓட்டினேன்.

நாலரை மணி. நல்ல வெயில். மகன் சைக்கிளில் வருகிறான். பின்னால் வந்த வான் அவனை ஒட்டி நிற்கிறது. இரண்டு பேர் இறங்கி ஏதோ கதைக்கிறார்கள். யாரும் அவனை அடிக்கவில்லை, இழுக்கவில்லை. அவன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, தானாகவே ஏறிக்கொள்கிறான்.

"சாத்திப்போட்டுத்தானே போறான்," என்றார் தாய். "உடன திரும்பி வரலாமெண்டு நினைச்சிருக்கிறான்."

ஏறுவதற்கு முன் அந்த இருவரில் ஒருவன் தலையை உயர்த்தி நேரே கமராவைப் பார்த்தான். எங்கே இருக்கிறதென்று தேடவில்லை. தெரிந்தவன் போலப் பார்த்தான். படத்தை அந்த இடத்தில் நிறுத்தினேன். மூன்று பேரும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இதை எடுத்துத் தாங்கோ தம்பி. நான் ஒவ்வொரு ஒப்பீசாக் கொண்டு போறன்."

பதிவை ஏற்ற என்னிடம் அப்போது எதுவும் இருக்கவில்லை. பென்டிரைவ் எடுத்துவரக் கடைக்குப் போனேன். திரும்பும் வழியில் நேவி வாகனங்கள் போவதற்காக வீதியை மறித்துவிட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன்.

திரும்பி வந்தபோது நான்கு கமராக்களும் வேலை செய்துகொண்டிருந்தன. பழைய பதிவு ஒன்றுகூட இல்லை. நேற்றையது மட்டுமல்ல, எல்லாமே அழிந்திருந்தன. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பெட்டி குறித்து வைக்கும் பட்டியலைத் திறந்தேன். நான் வீதியில் நின்ற நேரத்தில் யாரோ இணையம் வழியாக நுழைந்து, இரண்டே நிமிடத்தில் அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். லண்டன் முகவரி அல்ல. இந்த நாட்டுக்குள்ளிருந்து வந்தது. மேலே போகப் போக அதே இலக்கங்கள் தெரிந்தன. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறார்கள்.

மகளைக் கேட்டோம். "இண்டைக்கு நான் திறக்கவே இல்லையே," என்றார்.

ரீச்சர் ஹோல் கமராவை அண்ணாந்து பார்த்தார். "அப்ப காலமை நாங்கள் மூண்டு பேரும் இதில நிண்டதையும் பார்த்திருப்பினமோ?"

"ஓம் ரீச்சர்."

ரவுட்டரில் திறந்த வழியை அழித்து, வயரையும் பிடுங்கினேன். கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டது என் பிழை என்று சொன்னேன். ரீச்சர் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார். அந்தத் தாய்க்கு நான் சொன்னது விளங்கவில்லை. "அப்ப படம் எப்ப தருவீங்கள்?" என்று கேட்டார்.

சில நாட்களில் முன்பின் கண்டிராத ஒருவர் கடைக்கு வந்து மவுஸ் ஒன்று வாங்கினார். போகும்போது வாசலில் நின்று, "கமராவும் பூட்டுவீங்களோ?" என்றார்.

"இல்லை."

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே கடைப் பலகையில் கமரா என்று எழுதியிருந்ததைப் பூச்சால் மறைத்தேன்.

அடுத்த மாதம் மகள் வந்து ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு காலையில் அந்தத் தாய் சந்தையிலிருந்து நேரே கடைக்கு வந்தார். மீன் பை கையில் இருந்தது. மூச்சு வாங்கியது.

"வானில வந்தவனைக் கண்டனான் தம்பி. மீன் வாங்கிக்கொண்டு நிக்கிறான். என்ர பிள்ளை எங்கயெண்டு கேட்டன். ஆள் மாறிக் கதைக்கிறீங்கள் அம்மா எண்டு சிரிக்கிறான். ரீச்சரும் போயிட்டா. பார்த்தவை நானும் நீங்களும்தான். ஒருக்கா வந்து பார்த்து, இவன்தான் எண்டு சொல்லுங்கோ. போதும்."

அந்த முகம் எனக்கு அப்போதும் தெளிவாக நினைவிருந்தது.

"எனக்கு முகம் ஞாபகம் இல்லை அம்மா," என்றேன்.

"உங்களுக்கும் பிள்ளையள் இருக்குதெல்லோ," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு வீதியில் இறங்கினார்.

மகன் இன்றுவரை வரவில்லை. போர் முடிந்த பிறகு ஒரு நாள், காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் இருந்த தாய்மாருக்குள் அவரைக் கண்டேன். அவர் என்னைக் காணுமுன் மற்றப் பக்கத்துக்கு மாறி நடந்துவிட்டேன்.