சாவியை நான் கொடுக்கவில்லை

1. "ஒரு வாரத்துக்கு மட்டும்"

"ஒரு வாரத்துக்கு மட்டும் மா. சாவியை என்கிட்ட கொடுத்துடுங்க. கைக்கு டென்ஷன் உங்களுக்கு?" என்றார் பிளான்ட் ஹெட் ரங்கராஜன் சார். செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. கோபம் வந்தால் தெலுங்கு பேசுவார், சங்கடம் வந்தால் இந்தி. அன்றைக்கு அவருக்குச் சங்கடம்; 'கைக்கு' என்றால் இந்த ஊர் இந்தியில் 'எதுக்கு'.

பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் நான் வேர்ஹவுஸ் இன்சார்ஜாக இருந்தேன். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். எங்கள் ஸ்டோரில் தனியாக ஓர் அறை உண்டு. தூக்க மாத்திரை, வலி மாத்திரைக்கான மூலப்பொருள்கள், அதாவது போதைக்கும் பயன்படக்கூடிய சரக்கு, அங்கேதான் இருக்கும். கதவில் இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி என்னிடம், மற்றதன் சாவி தரம் பார்க்கும் க்யூ.ஏ. பிரிவில் இருந்த சுனிதாவிடம். இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் கதவு திறக்கும். உள்ளே ஒருத்தி எடை போட, மற்றவள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளியே வந்தாலும் தனியாக நுழைய முடியாது.

"ஏன் சார், எடை ஏதும் குறையுதா?" என்று கேட்டேன்.

"சே சே, அந்தப் பேச்சே நக்கோ, வேணாம். உங்க பையன் விஷயம்... ஆளுங்க ஒரு மாதிரி பேசுறாங்க மா."

என்ன பேசுகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு ஏற்கெனவே தெரியும்.

2. மஞ்சள் காமாலை

என் மகன் நவீன் இன்ஜினியரிங் படிக்கும்போது ஹாஸ்டலில் கஞ்சாவில் ஆரம்பித்து மாத்திரைகளுக்குப் போனான். பிறகு யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று வீட்டு ஜன்னல் முழுக்க நியூஸ் பேப்பர் ஒட்டினான். அவனை மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் கூடவே இருந்தேன். எனக்கு லீவு சொல்வதற்காக பிளான்டுக்கு போன் செய்த என் வீட்டுக்காரர், "பையனுக்கு மஞ்சள் காமாலை" என்று சொல்லிவிட்டார். பயந்த மனிதர். இந்த ஊரில் 'எர்ரகட்டா' என்றால் யாரும் ஒரு பேட்டையை நினைப்பதில்லை. அங்கே மனநல ஆஸ்பத்திரி இருப்பதால் சின்னப் பிள்ளைகள்கூட அதை வசவாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

எங்கள் பிளான்டில் ஒரு பழக்கம். யார் வீட்டில் உடம்பு சரியில்லை என்றாலும், ஷிஃப்ட் முடிந்து போகிற கம்பெனி பஸ் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். பைபாஸ், பிரசவம், கால் முறிவு எல்லாவற்றுக்கும் அதே ஆப்பிள், அதே இளநீர். காமாலை என்றதும் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஒரு பஸ் ஜனம் கிளம்பிவிட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் வாயில் வந்த பெயரைச் சொல்ல, அங்கே போய் வார்டு வார்டாகத் தேடியிருக்கிறார்கள்.

பொய் பிடிபட்டுவிட்டது. அப்புறம் யாரோ விசாரித்து நவீன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடித்தார்கள். நான் வேலைக்குத் திரும்புவதற்குள் கதை தயாராக இருந்தது. மேடமே ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் மகனுக்குக் கொடுத்தாளாம்.

மதுரையிலிருந்து என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா, தன் பங்குக்கு போன் செய்தார். "நீ ஷிஃப்டு ஷிஃப்டுன்னு ஓடுன. பிள்ளைய யாரு பாத்தா?"

"உங்க தம்பி பேங்க்லருந்து தெனமும் ஆறு மணிக்கு வந்துருவாருல்ல மதினி. அவரு பாத்திருக்கலாமே?" என்றேன். அதற்குப் பிறகு அவர் போன் செய்வது குறைந்துவிட்டது. நிம்மதி.

3. நான் சொன்னது

ரங்கராஜன் சாருக்கு என் பதில் இதுதான்: "தாராளமா வாங்கிக்கோங்க சார். ஆனா நாளைக்குக் காலை மீட்டிங்ல, எல்லார் முன்னாடியும், எதுக்கு வாங்குறீங்கன்னு சொல்லிட்டு வாங்குங்க."

"ஹெல்த் ரீசன்னு சொல்லிடறேன் மா."

"யாரு ஹெல்த்து? நான் கல்லு மாதிரி இருக்கேன்."

சத்தமில்லாமல் சாவியைக் கொடுத்திருந்தால் அந்தக் கதை உண்மையாகியிருக்கும். திருடி என்ற பட்டத்தோடு மிச்ச சர்வீஸை ஓட்டியிருப்பேன். என் மகன் வீட்டுக்குத் திரும்பும்போது, தன்னால்தான் அம்மா திருடியானாள் என்கிற நினைப்போடு திரும்பியிருப்பான். அதை மட்டும் நான் விடுவதாக இல்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் நவீனிடம் விஷயத்தைச் சொல்லி, மீட்டிங்கில் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். இது அவன் நோய். அவனைக் கேட்காமல் பேசுவது முறையில்லை. காமாலைக் கதையைக் கேட்டுச் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஸோ, ஜாண்டிஸ்னா ஓகே. எனக்கு வந்தது மட்டும் ஓகே இல்லையா மா?"

நான் அவன் போர்வையை இழுத்துவிட்டேன். "செப்பேய் மா," என்றான். சொல்லிவிடு என்று தெலுங்கில் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காலை மீட்டிங் ஸ்டோர் வாசலிலேயே நின்றபடி நடக்கும். அன்றைக்கு அங்கேயே, எனக்குத் தெரிந்த ஓட்டைத் தெலுங்கில் சொன்னேன்: "என் மகனுக்குக் காமாலை இல்லை. மனநோய். போதைப் பழக்கமும் உண்டு. வைத்தியம் நடக்கிறது. பொய் சொன்னது என் வீட்டுக்காரர், நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயந்து. நான் பயப்படவில்லை. சரக்கில் சந்தேகம் இருந்தால் இப்போதே எடை போடுங்கள்."

சுனிதா முன்னால் வந்து தன் சாவியை ரங்கராஜன் சாரிடம் நீட்டினாள். என்னோடு பழகிப் பழகி அவளுக்குத் தமிழ் வரும். "ரெண்டு சாவி இல்லாம கதவு திறக்காது சார். மேடம் திருடின்னா நானும் திருடி. இதையும் வாங்கிக்கோங்க."

அவர் இரண்டு சாவியையும் வாங்கவில்லை. கதவைத் திறந்து எல்லாச் சரக்கையும் எடை போட்டோம். ஒரு கிராம் குறையவில்லை. குறையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கடைசி டிரம் தராசில் ஏறும் வரை ஒவ்வொரு எடையையும் நானே இரண்டு முறை படித்தேன்.

அந்த வாரமே பஸ் நவீனைப் பார்க்க வந்தது. முழு பஸ் இல்லை, ஏழெட்டுப் பேர். சிலர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள், அது அவர்கள் இஷ்டம். நவீன் குணமாகி வந்தான், மறுபடி ஒருமுறை வழுக்கினான், மறுபடி எழுந்தான். இப்போது அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறான், மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறான். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டிலும் அது தெரியாது.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். வீட்டில் இப்படி ஒரு நோய் வந்தால், நோயாளி சம்மதித்தால், அதன் பெயரையே சொல்லி லீவு கேளுங்கள். யாராவது முகம் சுளித்தால் வெட்கப்பட வேண்டியது அவர்கள்தான், நீங்கள் இல்லை.

இதற்கெல்லாம் சில மாதம் கழித்து ரங்கராஜன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் உட்கார்ந்ததும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, கனடாவில் இருப்பதாக நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த அவருடைய மகள் இரண்டு வருஷமாக செகந்திராபாத் வீட்டின் மாடி அறையை விட்டு வெளியே வரவில்லை என்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"உங்க பையனைப் பார்க்கிற டாக்டர் பேர் என்ன மா? யாருக்கும் தெரிய வேணாம்."

"சொல்றேன் சார். நானே கூட வரேன், பாப்பா சரின்னா நாளைக்கே கூட்டிட்டுப் போவோம்," என்றேன். "ஆனா நீங்க டாக்டர் பேரைத்தான கேக்குறீங்க? அதுக்கு எதுக்குக் கதவைச் சாத்தணும்?"

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.