மூன்றாம் பெட்டி

கடற்பாசி கொதிக்கும்போது ஒரு வாடை வரும். நோன்பு திறக்கப் பாலூற்றி ஏலம் தட்டிப்போட்டாலும் அடங்காது. ஈரச் சேறும் கஞ்சியும் கலந்த மெல்லிய வாடை. இந்த வயதிலும் அடுப்பருகில் நின்று அதை முகர்ந்தால் என் கண் பாத்திரத்துக்குள் வெள்ளை நூலைத் தேடுகிறது.

எண்பதுகளின் கடைசி. பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு பழைய வீட்டில், பட்டணத்துக்காரர் ஒருவர் திசு வளர்ப்புக் கூடம் போட்டிருந்தார். பெரிய ஓட்டல்களின் தோட்டங்களுக்குக் குட்டை இட்லிப்பூச் செடிகள். விதை கிடையாது, மண் கிடையாது. இதே கடற்பாசியைச் சர்க்கரையும் உப்புகளும் சேர்த்துக் காய்ச்சிப் பாட்டிலில் உறையவைப்போம். அதன்மேல் நகத்தளவு தளிர். அது பக்கத்தில் குட்டி போடும். வெட்டி வேறு பாட்டில்களில் வைப்போம். அதுவும் குட்டி போடும். சாவே இல்லாததுபோல் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வெட்டிவைக்க மூன்று பெண்கள், மூன்று கண்ணாடிப் பெட்டிகள். நான் கடைத்தெருவுக்காரி, முதல் பெட்டி எனக்கு. இன்னொருத்தி நெல் விளையும் கிராமத்திலிருந்து வருபவள். மூன்றாமவள் ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்திலிருந்து படகேறி வருவாள். மூன்றாம் பெட்டி கதவோரம், புழுங்கும். முதலாளி அதை அவளுக்குத்தான் கொடுத்தார்.

"ஏரியில ஒருத்தனே தெனமும் நல்ல எடத்துல வலை போடுவானா? பாடுன்னு மொறை வெச்சி மாத்திப்பாங்கடி. நாமளும் மாத்திக்கலாம்" என்றாள். அன்று முதல் நாளுக்கொருத்தி கதவோரம். முதலாளிக்குத் தெரியாது.

"இந்தப் பாட்டிலுங்க இருக்கற வரிக்கும் நான் தப்பிச்சேன்" என்பாள். வேலை நின்றால் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதாக வீட்டில் பேச்சு. "குடி தெளிஞ்சி நின்னு நான் பாத்ததே இல்ல அந்தாள."

பிறகு அது வந்தது. ஒரு பாட்டிலில் ஒற்றை நூல், வெள்ளையாக. மறுநாள் பஞ்சு. அப்புறம் பச்சை, அப்புறம் கறுப்பு. தளிர் உள்ளே நின்றபடியே கரைந்தது. காலையில் கதவைத் திறக்கும்போதே மூச்சைப் பிடித்துக்கொள்வோம். எல்லாம் மூன்றாம் பெட்டியின் பாட்டில்கள்.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். "மீன் பிடிக்கிற கை. நல்லா கழுவறியாம்மா?"

"ரெண்டு தபா கழுவறேன் சார். ஸ்பிரிட்ல தோலே உரிஞ்சி போச்சி."

கையை வாங்கி முகர்ந்து பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்தப் பெட்டியில மூணு பேருமே மாறி மாறி உக்கார்றோம். கை இல்ல சார், கதவுதான்."

அவர் கொஞ்சநேரம் சிரித்தார். "அப்ப மூணு பேருமா ஏமாத்தியிருக்கீங்க. ஒருத்தி போகணும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

குளிர் எந்திரம் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அவள்தான் வாய் திறந்தாள்.

"நேத்து என் பாடு சார். அதுல வுழுந்தது என்னுது."

ஏரியில் அது நியாயம்தான். தன் முறையன்று வலை கிழிந்தாலும் மீன் கொட்டினாலும் அவரவருக்கு. மேலங்கியைக் கழற்றி மடித்துவைத்தாள். துறைவரை கூடவே நடந்தேன். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது, நின்றுவிட்டேன்.

"ஏய், வலையில வுழறது அன்னிக்கே தெரியும். பூஞ்சை நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரியும். நேத்து தெரிஞ்சது போன வாரம் வெச்சது. அன்னிக்கு அங்க உக்காந்தது நான். வா, போய்ச் சொல்லலாம்."

"சொன்னா மட்டும்? உன்ன அனுப்பிட்டு என்ன வெச்சிப்பாரா? மூணு பேரையும் தொரத்துவாரு. வுடுடி."

அக்கரைக்கு ஆளேற்றும் படகில் கோலூன்றி நின்றவன் அந்த மாமன்தான். காலை வெயிலிலேயே கண் சிவந்திருந்தது.

"இன்னாமே, சீக்கிரமே வுட்டுட்டாங்க? மீன் நாத்தம் தாங்கலியாமா?"

பாவாடையைச் சுருட்டிப் பிடித்து ஏறினாள். கோல் சேற்றில் அழுந்தியது. படகு நகரும் முன், என் பக்கம் குனிந்து, அவனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"ஒண்ணாம் பெட்டி பாட்டில்ல, பின்வரிசையில பாரு. வெள்ளையா கெளம்பிடிச்சி. அவராண்ட நீயா போய்ச் சொல்லாத. நாளிக்கி உன் கையத்தான் மோந்து பாப்பாரு."