கேனுக்குள் தண்ணீர்

குமணன்சாவடி சந்திப்பைத் தாண்டினால், டயர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் ஒரு ஷட்டர் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் தொங்கும் பழைய கொசுப்புகை மிஷின்தான் அடையாளம். புல் வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் மிஷின், மருந்து தெளிக்கும் மிஷின் என்று சின்ன எஞ்சின் எதுவாக இருந்தாலும் பூந்தமல்லி வட்டாரத்தில் அது ஜெகதீசனிடம்தான் வந்து சேரும். ஐம்பத்திரண்டு வயது. அதிகம் பேசமாட்டார். எஞ்சினின் வயிற்றில் காது வைத்துக் கேட்பார். பிறகு எதைக் கழற்ற வேண்டுமோ அதை மட்டும் கழற்றுவார்.

அவருடைய கடையில் பெயர் எழுதாத பாட்டில் ஒன்றுகூட இருக்காது. பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், ஆயில் என்று ஒவ்வொன்றின் கழுத்திலும் அட்டை கட்டித் தொங்கும். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில்கூட ‘தண்ணி’ என்று எழுதியிருக்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். மை மங்கினால் அவர் மறுபடி எழுதி வைப்பார்.

அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி இருக்கும். மழை வரும்போலத் தோன்றியது, ஆனால் வரவில்லை. காற்று அசையாமல் நின்றது. ஸ்ரீநாத் காரிலிருந்து இறங்கி, ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல எதையோ இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். முப்பத்துநாலு வயது, கரூர்க்காரன், ஐ.டி. வேலை. சென்னீர்குப்பத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஃபிளாட் வாங்கி வந்து மூன்று வருடம் ஆகிறது. மேஜைமேல் அவன் வைத்தது ஒரு லாரி. முழ நீளத்துக்கு மேல் இருக்கும். பட்டை பட்டையான டயர்கள், நடுவில் திறந்தபடி ஒரு குட்டி எஞ்சின்.

“இன்னா சார், பொம்மையா வண்டியா?” என்றார் ஜெகதீசன்.

“ரெண்டும்தாண்ணா. ரிமோட்ல ஓட்டுறது. ஆனா பேட்டரி வண்டி இல்ல, நிஜ எஞ்சின். போன ஞாயித்துக்கிழமை பறந்துச்சு. இன்னைக்குக் காலையிலேர்ந்து கயிறு இழுத்து இழுத்துத் தோளே கழண்டு போச்சு, ஸ்டார்ட் ஆகல.”

ஜெகதீசனுக்கு முகத்தில் வெளிச்சம் வந்தது. இவ்வளவு சின்ன எஞ்சினை அவர் தொட்டதே இல்லை. தலைப்பக்கம் இருந்த பிளக்கைக் கழற்றினார். உள்ளே மயிரிழை போல ஒரு கம்பிச் சுருள். ஸ்ரீநாத் கொண்டுவந்திருந்த பேட்டரியை அதில் வைத்ததும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. பிளக்கில் குறையில்லை. சக்கரத்தைக் கட்டைவிரலால் சுற்றிப் பார்த்தார், பிஸ்டன் இறுக்கமாக எதிர்த்தது. அமுக்கமும் சரி. காற்று வடிகட்டி சுத்தம். கயிற்றை நாலு முறை இழுத்துவிட்டுப் பிளக்கை மறுபடி கழற்றினார். நனைந்து வந்தது.

“சூடு கீது, காத்து போவுது, எண்ணெயும் வருது. அப்பறம் இன்னாத்துக்கு புடிக்க மாட்டேங்குது?” என்று எஞ்சினிடமே கேட்டார்.

பிறகு டேங்கில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து வெளிச்சத்தில் பிடித்தார். அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு டீ சொன்னார். டீ குடித்து முடிப்பதற்குள் பாட்டிலின் அடியில் கெட்டியாக ஒன்று தனியே இறங்கி நின்றது.

“இது இன்னா எண்ணெய் சார்?”

“விளக்கெண்ணெய். எஞ்சின் தேயாம இருக்கக் கலக்கறது. வேகத்துக்குக் கொஞ்சம் நைட்ரோ. மத்ததெல்லாம் மெத்தனால். ரெடிமேடா எப்பவும் கிடைக்காது, நானே கலந்துக்குவேன்.”

ஜெகதீசனின் கை பாட்டில்மேலேயே நின்றது.

“மெத்தனாலா?”

“ஆமாண்ணா. அதுலதான் விளக்கெண்ணெய் நல்லாக் கரையும். கண்ணாடி மாதிரி இருக்கும். இன்னைக்குக் காலையிலதான் புதுசாக் கலந்தேன்.”

“கரையலியே சார். பிரிஞ்சிகினு கீது. தண்ணி சேந்தாதான் இப்டிப் பிரியும். அந்த மெத்தனால் கேன எங்க வச்சிருக்கே?”

“பார்க்கிங்ல, என் கார் நிக்கிற இடத்துக்குப் பின்னாடி ஒரு ஷெல்ஃப் இருக்கு.”

“பூட்டு?”

“பூட்டெல்லாம் இல்ல. யாருண்ணா அதை எடுக்கப் போறா?”

“மேல இன்னான்னு எழுதியிருக்கே?”

ஸ்ரீநாத் யோசித்தான். “கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சு. நான் மார்க்கர்ல ஆர்.சி.ன்னு, அதான் ரிமோட் கன்ட்ரோல் வண்டிக்குன்னு, எழுதி வச்சிருக்கேன்.”

ஜெகதீசன் எழுந்து ஷட்டரைப் பாதி இழுத்தார். “தண்ணி தானா போய்ப் பூராது சார். யாரோ எடுத்துட்டு, எடுத்த அளவு தெரியக்கூடாதுன்னு தண்ணிய ஊத்தி வச்சிருக்கான். வா, போலாம்.”

“எதுக்குண்ணா இவ்வளவு பதட்டம்?”

காரில் ஏறிய பிறகுதான் சொன்னார். திருவேங்கடம் என்று அவருக்கு ஒரு அண்ணன் இருந்தான். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தார்கள். பாகம் துடைக்க ஒரு டிரம்மில் ஸ்பிரிட் வரும், இதே மெத்தனால்தான். பொங்கலுக்கு முந்தின நாள் திருவேங்கடம் அதில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனான். மறுநாள் வாந்தி, தலைவலி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அம்மா, பிள்ளையின் மானம் போகக்கூடாது என்று, கடையில் வாங்கிய கறி சேரவில்லை என்றாள். டாக்டரும் அதற்குத்தான் மருந்து கொடுத்தார். அதற்கடுத்த நாள் பட்டப்பகலில் திருவேங்கடம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “இன்னாடா, கரண்ட் பூட்ச்சா? லைட்ட போடு” என்றான். ஜன்னல் வழியாக வெயில் அவன் மடியில் விழுந்துகொண்டிருந்தது. சாயங்காலம் போய்விட்டான்.

ஸ்ரீநாத் சிக்னலில் ஹாரன் அடித்துக்கொண்டே வண்டியை ஓட்டினான்.

குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் கேன் அதே இடத்தில் இருந்தது. இருபது லிட்டர் கேன், பாதிக்கு நிறைந்திருந்தது. காலையில் எடுத்தது போக, போன வாரம் விட்ட அளவே இருப்பதாக ஸ்ரீநாத் சொன்னான். ஜெகதீசன் அதிலிருந்து ஒரு மூடி அளவு எடுத்துக்கொண்டு வெளியே திறந்த இடத்துக்குப் போய், தரையில் வைத்துத் தீக்குச்சி கிழித்தார். தீயே தெரியவில்லை. பற்றவில்லை போலிருக்கிறது என்று ஸ்ரீநாத் குனிந்தான். ஜெகதீசன் அவன் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, ஒரு காகிதத் துண்டை அதன்மேல் நீட்டினார். அந்தரத்தில் காகிதம் கருகிச் சுருண்டது. எரிந்து அடங்கிய பிறகு மூடியைக் காட்டினார். பாதி மூடி தண்ணீர் மிச்சம்.

“நாலு லிட்டருக்கு மேல போயிருக்கும்” என்றார்.

இங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம் கேட்டபோது பதில் உடனே வந்தது. மோட்டார் போடுகிற சின்னப்பையன் காலையிலிருந்து தலைவலி என்று மோட்டார் ரூமில் படுத்திருக்கிறான். மூன்று தடவை வாந்தி எடுத்தான். நேற்று சாயங்காலம் கொஞ்சம் போட்டிருந்தான், அது தெளியவில்லை போல.

சின்னப்பையன் பெயரில்தான் பையன். நாற்பத்தெட்டு வயது, நெமிலிச்சேரியிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவன். மோட்டார் ரூமின் ஈரத் தரையில் சாக்கை விரித்து முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். மேல்மூச்சு வாங்கிற்று. கதவு திறந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். கண்கள் ஆளைத் தேடின.

“யாரு?”

“கேன்லேர்ந்து எடுத்துக் குட்சியா?” ஜெகதீசன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். “திட்ட வர்ல. சொல்லு.”

“ஸ்பிரிட்டு வாசன வந்துச்சு அண்ணாத்தே. நல்ல சரக்குன்னு நெனச்சேன். கூல்டிரிங்ஸ்ல கலந்து ஒரே ஒரு கிளாஸ்தான்.”

“கண்ணு எப்டிக் கீது?”

“பஞ்சு பறக்குற மேரி வெள்ளையா கீது. உன் மொகம் தெரில.”

ஜெகதீசன் அவனைத் தூக்கி உட்கார வைத்தார். ஸ்ரீநாத் கதவருகிலேயே நின்றான்.

“அண்ணா, ஒரு நிமிஷம் வெளிய வாங்க. இதை வச்சுக்க லைசென்ஸ் வேணும். எங்கிட்ட இல்ல. தெரிஞ்ச ஒருத்தர் மூலமா வாங்கினேன். ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம், நான் செலவு பாத்துக்கறேன். ஃபுட் பாய்சன்னு சொல்லிடலாம். டெஸ்ட் பண்ணா டாக்டரே கண்டுபிடிச்சுடுவாரு.”

“எங்கம்மாவும் அப்டிதான் நெனச்சிச்சி” என்றார் ஜெகதீசன். “நீ வண்டிய எடு. உன் பேர நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. ஆனா குட்சது இன்னான்னு நான் வாசல்லயே சொல்லிருவேன்.”

ஸ்ரீநாத் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு வந்து சின்னப்பையனின் காலைப் பிடித்துத் தூக்கினான்.

காரின் பின் சீட்டில் சின்னப்பையனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜெகதீசன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். தூங்கிவிடக் கூடாது. எத்தனை பாட்டில் எடுத்தாய், யார் யாருக்குக் கொடுத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாலு தண்ணீர் பாட்டில் என்றான் சின்னப்பையன். ஒன்று மோட்டார் ரூமில், பைக்குள். ஒன்றை மனைவியின் தம்பிக்கு நேற்று வீட்டுக்குப் போகும்போது கொடுத்துவிட்டான். இன்றைக்கு அந்த மச்சான் மகளுக்குக் காது குத்து.

ஜெகதீசன் அவன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, அவன் மனைவி முனியம்மாவுக்குப் போட்டார். மூன்றாவது முறைதான் எடுத்தாள். பின்னால் ஸ்பீக்கர் பாட்டு அலறியது.

“யம்மா, உன் ஊட்டுக்காரன் குட்த்த பாட்டிலு எங்க கீது? உன் தம்பி கையில குட்த்தானே, அது.”

“நீ யாரு? அவரு எங்க? பந்தி நடந்துகினு கீது, இப்போ வந்து…”

“அது வெஷம்மா! பாட்டிலு எங்க?”

பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் ஓடுவதும், யாரையோ தள்ளுவதும், பாத்திரம் உருளுவதும் கேட்டன. ஒரு ஆண்குரல், “இன்னாக்கா, இப்பதான் ஊத்தினோம்” என்றது. பிறகு முனியம்மா வீறிட்டது கேட்டது, வார்த்தை புரியவில்லை. அப்புறம்தான் போனில் வந்தாள். மூச்சு இரைத்தது.

“கீழ கொட்டிட்டேன். அஞ்சு கிளாஸ்ல ஊத்தி வச்சிருந்தானுங்க. ஒருத்தனும் வாய்ல வைக்கல. அவரு உசுரோட கீறாரா?”

“கீறான். ஆஸ்பத்திரிக்கு வா.”

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில், டாக்டர் கேட்பதற்கு முன்பே ஜெகதீசன், “மெத்தனால், நேத்து சாயங்காலம், ஒரு கிளாஸ்” என்றார். பெண் டாக்டர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். ஸ்ட்ரெச்சர் ஓடிற்று. சின்னப்பையனின் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டுமென்று கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றும்போது அந்த டாக்டர், “சொன்னதாலதான் நேரம் மிச்சம்” என்றார். ஸ்ரீநாத் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரர் நோட்டுடன் வந்து, “யார் சரக்கு?” என்றபோது அவனாகவே எழுந்தான். “என்னோடதுதான் சார்” என்றான்.

மீதி இரண்டு பாட்டில்களைப் பற்றி அப்போதுதான் ஜெகதீசனுக்கு உறைத்தது. சின்னப்பையன் ஆம்புலன்ஸில் நினைவில்லாமல் போயிருந்தான்.

போலீஸ் குடியிருப்பு முழுக்கத் தேடியது. மோட்டார் ரூமில் பையும் பாட்டிலும் கிடைத்தன. மற்றவை இல்லை. பெயின்ட் அடிக்க வந்திருந்த ஆட்கள், சைக்கிள் நிறுத்துமிடம், வழியிலிருந்த டீக்கடைகள், எல்லாம் விசாரித்தார்கள். ஜெகதீசன் ஞாயிறு முழுக்கக் கடை திறக்கவில்லை. டீக்கடையில் வருகிற தமிழ்ப் பேப்பர் இரண்டையும் கடைசிப் பக்கம்வரை படித்தார். சாலையோரம் இறந்து கிடந்தவர், அடையாளம் தெரியாதவர் என்று எந்தச் செய்தி வந்தாலும் ஊர்ப் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

சின்னப்பையன் பிழைத்தான். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் ஆள் நிழலாகத் தெரியும். மீதி பாட்டில்களை யாருக்குக் கொடுத்தான் என்று கேட்டபோது நினைவில்லை என்றான். குடியிருப்பில் வேலை போயிற்று. ஸ்ரீநாத்மேல் வழக்குப் பதிவாயிற்று. அவன் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்பத்தூர்ப் பக்கம் போய்விட்டான் என்று சொன்னார்கள். கடையில் விட்டுப்போன குட்டி லாரியைத் திரும்பக் கேட்க வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் முனியம்மா கடைக்கு வந்தாள். கையில் மஞ்சள் பை. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து ஜெகதீசன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

“திருட்டு கேஸும் போட்டுட்டாங்க அவரு மேல. நீ வாசல்லயே கத்தாம இருந்தா…” என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “வுடு. நீ கத்தலன்னா இன்னிக்கு அந்தாளே இல்ல. அது தெரியாம பேசல. வயிறு எரியுதுன்னா, பேச வேண்டியதா கீது.”

“புரியுது யம்மா.”

“நேத்து அவருக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அத்த சொல்லத்தான் வந்தேன். மீதி ரெண்டு பாட்டில வெள்ளிக்கெழம சாங்காலம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளுக்கு குட்த்தாராம். பேரு தெரியாதாம். டாஸ்மாக்ல பழக்கமாம். ஒரு காலு சாச்சி சாச்சி நடப்பானாம். கட்டட வேலைக்கு வெளியூர்லேர்ந்து வந்தவனாம். கூட நாலஞ்சு பேரு தங்கிகினு கீறாங்கன்னு சொன்னானாம்.”

ஜெகதீசன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“போலீஸ்ல சொன்னியா?”

“சொல்லிட்டுத்தான் வரேன். எழுதிக்கினாங்க.”

அவள் போனதும் அவர் ஷட்டரை இறக்கிப் பூட்டினார். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர்களிடம், ஆட்டோ ஸ்டாண்டில், கடை வாசல்களில், கால் சாய்த்து நடக்கிற கொத்தனாரைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே நடந்தார். ஒருவன், பார்த்த ஞாபகம் இருக்கிறது, ஆனால் கொஞ்ச நாளாகக் காணோம் என்றான். இன்னொருவன், அவர்கள் வேலை பார்த்த கட்டடம் முடிந்துவிட்டது, ஊருக்குப் போயிருப்பார்கள் என்றான். எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியவில்லை. வடக்கே எங்கேயோ என்றான். பஸ்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஜெகதீசன் நடைமேடை ஓரத்தில் நின்று, இறங்குகிற ஒவ்வொருவரின் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.