சித்தப்பா என்று ஒரு வீட்டுக்காரர்

கணவன் இறந்தபின் நாகர்கோவிலிலிருந்து மகள் ஸ்டெஃபியோடு ஹைதராபாத் வந்த நர்ஸ், ஜூடித். குஷாய்குடாவில் ஒரு அபார்ட்மென்ட் வீட்டில் குடிவந்தபோது அவள் கேட்டது ஒரு வாடகை ஒப்பந்தம் மட்டுமே. வீட்டுக்காரர் கிதியோன், செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். சர்ச்சில் பழக்கம்.

"நமக்குள்ள அக்ரிமென்ட் கைக்கு மா, எதுக்கு? நக்கோ, வேணாம். டெனன்ட்டுன்னா அசோசியேஷன்ல மெயின்டனன்ஸ் ஏத்திடுவான். என் அண்ணன் பொண்ணுன்னு சொல்லிக்கோ."

ஆள் தெரியாத ஊரில் ஒரு சித்தப்பா கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். அசோசியேஷன் செயலாளர் பத்மஜாவிடம் அவரே கூட்டிப்போய், "சித்தப்பா அண்டே பாபாய்" என்று அந்தத் தமிழ் வார்த்தைக்குத் தெலுங்கில் அர்த்தம் சொன்னார். பிறகு வாட்ச்மேன்கூட "சித்தப்பா பாகுன்னாரா?" என்று நலம் விசாரிப்பான். ஜூடித்தும் வாய் நிறையக் கூப்பிட்டாள். வாடகை அவர் கையில் ரொக்கமாகப் போனது. சொந்தத்திடம் யார் ரசீது கேட்பார்கள்?

சில வருடம் கழித்து, ஸ்டெஃபியின் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியபோது வீட்டை வாங்க ஆள் வந்தது. "இந்த வாரமே காலி பண்ணிடு மா" என்றார் சித்தப்பா. பரீட்சை முடியட்டும் என்று கெஞ்சிப் பார்த்தாள். மனிதர் அசையவில்லை.

வக்கீலிடம் ஓடினாள். வாடகைக்காரர் என்றால் முறையாக நோட்டீஸ் கொடுக்காமல் வெளியேற்ற முடியாது என்றார் அவர். ஆனால் வாடகைக்காரர்தான் என்று சொல்லச் சாட்சி வேண்டும்.

சாட்சி கேட்டு அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனாள். அதற்குள் கிதியோன் எழுந்து தெலுங்கில் ஆரம்பித்துவிட்டார். திக்கில்லாமல் வந்த அண்ணன் மகளாம், பாசத்தில் இடம் கொடுத்தாராம், இப்போது போகமாட்டேன் என்கிறாளாம். சொல்லும்போது கண்ணைவேறு துடைத்துக்கொண்டார். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பவனுக்குக் கண்ணீர் எங்கிருந்துதான் வருமோ.

இத்தனை வருடம் பேசிய தெலுங்கு அந்த நேரத்தில் ஜூடித்துக்கு நாக்கில் வரவில்லை. தமிழ்தான் வந்தது.

"சித்தப்பா, நான் வாடகைக்குத்தானே இருக்கேன்? நீங்களே சொல்லுங்க, சித்தப்பா."

அங்கே இருந்தவர்களுக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அதை இரண்டு தடவை கேட்டார்கள்.

பத்மஜா பரிவோடு அவள் தோளைத் தொட்டாள். இது உங்கள் குடும்ப விஷயம், வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் லாரிப் பிரச்சினையை எடுத்தாள்.